கடலில்லாத ராஜ்யம், கப்பலில்லாத பட்டினங்கள்

புதுக்கோட்டைக் கரையைப் பற்றி வாசகர் கேள்வி – பதில்

கே: “எங்கள் மாவட்டத்தில் கடல் உண்டு” என்றால் சென்னை நண்பர்கள் சிரிக்கிறார்கள். என்ன பதில் சொல்வது? (விராலிமலை இளைஞர்)

ப: கோபப்படாதீர்கள் தம்பி. புதுக்கோட்டை என்றதும் செம்மண்ணும் முந்திரிக் காடும் வாடிவாசலும் கண்ணில் வருவது அவர்கள் குற்றமில்லை. விராலிமலையில் இருக்கும் உங்களுக்கே கடல் தூரம்தான். கட்டுமாவடியில் தொடங்கி மீமிசலைத் தாண்டும் வரை சுமார் 40 கிலோமீட்டர் கரை நம்முடையது. மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடத்துநர் கூவுகிற வரிசையிலேயே சொல்லிப் பாருங்கள். அதற்கும் சிரித்தால், அடுத்த முறை ஊரிலிருந்து போகும்போது அவர்களுக்கு நண்டு கொண்டுபோகாதீர்கள். சிரிப்பு தானாக நிற்கும்.

கே: தொண்டைமான் மன்னர்களுக்குத் துறைமுகம் இருந்ததா? (திருக்கோகர்ணம் வாசகர்)

ப: துறைமுகம் என்ன, கடலே இல்லை. புதுக்கோட்டை சமஸ்தானத்தைத் திருச்சி, தஞ்சாவூர், ராமநாதபுரம் என்று மூன்று பிரிட்டிஷ் மாவட்டங்கள் சுற்றி நின்றன. உப்புக்காக உவர் மண்ணைக் கரைத்துக் காய்ச்சினார்கள். 1880களில் அதையும் நிறுத்தச் சொல்லி, பதிலுக்கு ஆண்டுதோறும் நஷ்டஈடு கொடுத்தது பிரிட்டிஷ் அரசு. 1948 மார்ச் 3-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்துக்குள் போனது. 1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டம் பிறந்தபோதுதான் தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து அறந்தாங்கிப் பகுதி நம்மோடு சேர்ந்தது. வந்த மருமகள் சீதனமாகக் கடலைக் கொண்டுவந்தாள். புகுந்த வீட்டுக்காரர்களுக்கு அதன் மதிப்பு இன்னும் முழுதாகத் தெரியவில்லை என்பது என் அபிப்பிராயம்.

கே: அப்படியானால் புதுக்கோட்டை ராஜாக்கள் கப்பலையே பார்த்திருக்க மாட்டார்களோ? (ஆலங்குடி வாசகி)

ப: நேர்மாறு, அம்மா. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் வெளிநாட்டிலேயே பாதி வாழ்ந்தார். 1915-ல் ஆஸ்திரேலியாவில் மாலி ஃபிங்க் என்ற பெண்ணை மணந்தார். பிரிட்டிஷ் அரசு அந்தத் திருமணத்தை ரசிக்கவில்லை. மகனுக்குப் பட்டம் கிடையாது என்றது. மன்னர் ஐரோப்பாவிலேயே தங்கி, 1928-ல் பாரிஸில் காலமானார். பட்டம் ஆறு வயது ராஜகோபாலத் தொண்டைமானுக்குப் போயிற்று. கரை இல்லாத ராஜ்யத்தின் ராஜா கடல் கடந்தே வாழ்ந்திருக்கிறார். கரை கிடைத்த பிறகு வந்த நாமோ கடலைப் பார்க்கவே மணமேல்குடி பஸ்ஸுக்கு யோசிக்கிறோம்.

கே: பட்டினம் பட்டினம் என்று இத்தனை ஊர். ஒரு கப்பல்கூடக் காணோமே? (கந்தர்வகோட்டை ஆசிரியர்)

ப: கப்பலுக்கு ஆழம் வேண்டும், ஐயா. பாக் நீரிணைப் பகுதியில் பெரும்பாலான இடங்களில் கடல் 15 மீட்டர் ஆழம்கூட இல்லை. தோணியும் பாய்மரமும் ஓடிய காலத்தில் அது குறையே அல்ல. ஆழமில்லாத, அலையடிக்காத கடல் அவற்றுக்கு வசதி. நீராவிக் கப்பல் வந்ததும் கணக்கு மாறியது. பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போயின, இன்றும் போகின்றன. கடலைத் தோண்டி வழி விடுகிறோம் என்று 2005-ல் தொடங்கிய சேதுசமுத்திரத் திட்டமும் பாதியில் நின்றுவிட்டது. ஆகவே நம் பட்டினங்களுக்குக் கப்பல் இல்லை. ஆனால் விசைப்படகு, நாட்டுப்படகு, ஐஸ் லாரி, ஏலம், கடன், சண்டை, சமரசம் எல்லாம் உண்டு. ஒரு துறைமுகத்துக்கு இவை போதும்.

கே: சென்னைக்கு சென்ட்ரல், மதுரைக்குக் கோபுரம். எங்கள் ஊருக்கு அடையாளச் சின்னம் எது? (ஜெகதாப்பட்டினம் கல்லூரி மாணவி)

ப: கட்டடத்தைத் தேடாதீர்கள். உங்கள் ஊரின் அடையாளம் ஒரு கால அட்டவணை. திங்கள், புதன், சனி ஆகிய நாள்களில் விசைப்படகுகள் மீன்வளத்துறை டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போகும், மறுநாள் காலை கரை திரும்பும். மற்ற நாள்களில் கடல் நாட்டுப்படகுக்காரர்களுடையது. இரண்டு தரப்பும் வலை அறுத்துக்கொள்ளாமல் இருக்கச் செய்துகொண்ட ஏற்பாடு அது. அந்த அட்டவணைப்படிதான் டீக்கடை அடுப்பு மூட்டுகிறது, ஐஸ் உடைகிறது, கல்யாணத்துக்குத் தேதி பார்க்கிறார்கள். செவ்வாய்க்கிழமை விடியலில் இறங்குதளத்தில் கால் வைக்க இடமிருக்காது. அடுத்த நாள் மத்தியானம் அதே இடத்தில் நாய் படுத்திருக்கும். மணிக்கூண்டு இல்லாத ஊர்தான், ஆனால் நேரம் தவறாத ஊர்.

கே: கடலோரத்திலேயே மீன் விலை இப்படி எகிறுகிறதே, இது நியாயமா? (அறந்தாங்கி இல்லத்தரசி)

ப: நீங்கள் கேட்கும் மீன் உங்களுக்காகப் பிடிக்கப்பட்டதில்லை என்பதுதான் விஷயம், அம்மா. இறால், கணவாய், நீலக்கால் நண்டு மூன்றும் ஏற்றுமதி நிறுவனங்களின் பட்டியலில் முதலிலேயே இருக்கின்றன. அடுத்த தரம் ஐஸ் பெட்டியில் ஏறிக் கேரளாவுக்குப் போகிறது. மிச்சத்துக்குத்தான் நீங்களும் நானும் பேரம் பேசுகிறோம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. டீசல், ஐஸ், சாப்பாடு என்று போன செலவைக் கழித்த பிறகே படகு உரிமையாளரும் தொழிலாளிகளும் பங்கு பிரிக்கிறார்கள். மீன்பாடு சரியில்லை என்றால் பங்கு பூஜ்யம். பல படகுகள் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கும். கடன் கொடுத்தவருக்கே மீன் போக வேண்டும், அவர் சொல்வதே விலை. ஆக, கடலில் இறங்குகிறவரும் விலை வைப்பதில்லை, சட்டியில் போடுகிறவரும் விலை வைப்பதில்லை. நடுவில் இருக்கிற சிலர்தான் வைக்கிறார்கள். தக்காளி பயிரிடும் விவசாயியைக் கேளுங்கள், இதே கதையைச் சொல்வார்.

கே: பாக் நீரிணை, பாக் விரிகுடா என்கிறார்களே, யார் இந்த பாக்? (பொன்னமராவதி மாணவர்)

ப: ராபர்ட் பாக். 1763 முதல் 1767 வரை சென்னை மாகாண கவர்னர். அவர் பதவியில் இருந்தது சில வருடங்கள், பெயர் இருப்பது இரண்டரை நூற்றாண்டாக. சாலைக்குத் தலைவர் பெயர் வைக்கப் போராடுகிறவர்கள் கவனிக்க: கடலுக்கு வைத்தால் யாரும் தார் பூசி அழிக்க முடியாது.

கே: கச்சத்தீவு பிரச்சினையில் நம் மாவட்டத்துக்கு என்ன சம்பந்தம்? அது ராமேசுவரம் விவகாரமல்லவா? (இலுப்பூர் வாசகர்)

ப: 1974-ஐ மறுபடி நினைத்துப் பாருங்கள். ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடல் கிடைத்தது. ஜூனில் இந்திரா காந்தியும் சிரிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால் அதே கடலின் நடுவில் கோடு விழுந்தது. 285 ஏக்கர் கச்சத்தீவு கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிற்று. ராமேசுவரத்துப் படகுகளைப் போலவே ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் படகுகளும் எல்லை தாண்டியதாகப் பிடிபடுகின்றன. ஊர்வலமும் வேலைநிறுத்தமும் இங்கேயும் நடக்கின்றன.

கே: அப்படியானால் தப்பு யார் மேல்? நேரடியாகச் சொல்லுங்கள். (அதே இலுப்பூர் வாசகர், மறு அஞ்சலில்)

ப: சரி, நேரடியாகவே. மீனவரைச் சிறையில் அடைப்பதும் படகைப் பறித்து அழுக விடுவதும் கொடுமை. ஒரு படகு போனால் ஒரு வீடு மட்டுமல்ல, அதில் வேலை பார்க்கும் ஐந்தாறு வீடுகள் விழும். அதே சமயம், அந்தப் பக்கம் வலை விரித்துக் காத்திருப்பவர் யார்? யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவர். முப்பது வருடப் போரில் கடலுக்குள் இறங்க முடியாமல் இருந்தவர். இப்போது இறங்கினால், அவர் வலையை நம் இழுவைமடி அறுத்துக்கொண்டு போகிறது. 2017-ல் இலங்கை இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடுத்தது.

கடலின் அடித்தரையை வாரிக்கொண்டு வரும் மடி குஞ்சையும் விடாது, புல்லையும் விடாது. நம் பக்கத்துக் கடல் வற்றியதற்கும் காரணம் அதுதான். இதைச் சொன்னால் படகு உரிமையாளர்கள் முறைப்பார்கள். கடன் வாங்கிப் படகு கட்டச் சொன்னது, டாலர் வருகிறதே என்று இறாலைத் துரத்தச் சொன்னது அரசாங்கங்கள்தானே என்பார்கள். அதுவும் உண்மைதான். 2017-ல் இழுவைப் படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடல் சூரைப் படகுகள் கொடுப்போம் என்று ஒரு திட்டம் வந்தது. இலக்கு 2,000 படகுகள். இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை. தப்பைப் பங்கு பிரித்தால் கணிசமான பங்கு கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்களுக்கு வரும்.

கே: ஏப்ரல், மே மாதங்களில் மீனவர்களுக்கு ஜாலியான விடுமுறையாமே? (புதுக்கோட்டை நகர வாசகர்)

ப: உங்கள் அலுவலகத்தில் 61 நாள் சம்பளமில்லாத விடுப்பு கொடுத்தால் அதை ஜாலி என்பீர்களா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்கள் இனம் பெருக விசைப்படகுகளுக்குத் தடை. முன்பு 45 நாள், 2017-லிருந்து 61. அரசு குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. இரண்டு மாதச் செலவுக்கு அது எத்தனை நாள் தாங்கும் என்பதை உங்கள் வீட்டு மளிகைக் கணக்கைக் கேளுங்கள். அந்த நாள்களில் படகைக் கரையேற்றி மராமத்து பார்ப்பார்கள், இன்ஜினைப் பிரிப்பார்கள், வர்ணம் அடிப்பார்கள், வலை பின்னுவார்கள். எல்லாவற்றுக்கும் மறுபடி கடன். ஜூன் 15 அன்று கடலுக்குப் போகும் படகில் ஐஸைவிடக் கடன் அதிகமாக இருக்கும்.

கே: அந்தக் காலத்தில் நம் பகுதிக்கு ரோமாபுரி வியாபாரம் இருந்தது என்பது உண்மையா, மேடைப் பேச்சா? (கறம்பக்குடி வாசகர்)

ப: உங்கள் பக்கத்து ஊரே சாட்சி. 1898-ல் கறுக்காக்குறிச்சியில் ஒரு புதையல் கிடைத்தது. 501 ரோமானியத் தங்கக் காசுகள். அகஸ்டஸ் காலத்திலிருந்து வெஸ்பாசியன் காலம் வரை, அதாவது கி.பி. முதல் நூற்றாண்டு வரைக்குமான காசுகள். பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலை மேல் உளியால் ஒரு வெட்டு. இனி இது காசாகப் புழங்கக் கூடாது, வெறும் தங்கம்தான் என்பதற்கான வெட்டு என்கிறார்கள் ஆய்வாளர்கள். ரோமாபுரிச் சக்கரவர்த்தியாக இருந்தாலும் நம் ஊர் வியாபாரி முகத்தைப் பார்ப்பதில்லை, எடையைத்தான் பார்ப்பார். காசுகளில் ஒரு பகுதி இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில். புதைத்து வைத்தவர் இன்னும் வந்து கேட்கவில்லை.

கே: ஆவுடையார்கோயிலை ஏன் கடலோடு சேர்த்துப் பேசுகிறீர்கள்? கோயில் கரையிலா இருக்கிறது? (திருமயம் வாசகி)

ப: கரையில் இல்லை, கதையில் இருக்கிறது. பாண்டியனின் மந்திரியான மாணிக்கவாசகர் கஜானாப் பணத்தோடு கிழக்குக் கரைக்குப் புறப்பட்டது, கப்பலில் வந்திறங்கிய குதிரைகளை வாங்க. வழியில் திருப்பெருந்துறையில், அதாவது இன்றைய ஆவுடையார்கோயிலில், குருவைக் கண்டார், பணம் திருப்பணிக்குப் போய்விட்டது. ஒரு தலைப்பில் ஒதுக்கிய நிதியை வேறு தலைப்பில் செலவழித்து, தணிக்கை நாளில் நரிகளைக் குதிரைகளாகக் கணக்குக் காட்டிய ஒரே மந்திரி அவர்தான். கணக்கை நேர்செய்ய இறைவனே வர வேண்டியிருந்தது.

புராணத்தை ஒதுக்கிவிட்டாலும் குதிரை வியாபாரம் நிஜம். பாண்டியர் ஆண்டுதோறும் கடல் வழியே குதிரைகளை வாங்கிக் குவித்ததையும், பராமரிக்கத் தெரியாமல் அவை மடிந்ததையும் 13-ஆம் நூற்றாண்டில் வந்த மார்கோ போலோ எழுதியிருக்கிறார். குதிரைக்குச் சோறும் இறைச்சியும் போட்டார்களாம். விருந்தோம்பலுக்கும் ஓர் அளவு வேண்டும்.

கோயிலுக்குப் போனால் மறக்காமல் அண்ணாந்து பாருங்கள். கல் கொடுங்கையில் மரச் சட்டமும் ஆணியுமாகச் செதுக்கியிருப்பார்கள். “ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக” என்று அந்தக் காலச் சிற்பிகள் ஒப்பந்தம் எழுதுவார்களாம். கருவறையில் லிங்கம் இல்லை, ஆவுடை மட்டும்தான். நிவேதனமோ புழுங்கலரிசிச் சோற்றின் ஆவி. இறைவனே ஆவியோடு திருப்தியடைகிற ஊரில் குழம்பில் மீன் குறைவு என்று யாரும் கோபிக்கக் கூடாது.

கே: மணமேல்குடிக்குச் சரித்திரப் பெருமை ஏதாவது உண்டா? ஊரில் கேட்டால் பஸ் நேரம்தான் சொல்கிறார்கள். (மணமேல்குடிக்கு மாற்றலாகி வந்த அரசு ஊழியர்)

ப: உண்டு. அறுபத்துமூவரில் ஒருவரான குலச்சிறை நாயனார் பிறந்த ஊர். மங்கையர்க்கரசியாரோடு சேர்ந்து திருஞானசம்பந்தரை மதுரைக்கு வரவழைத்த பாண்டிய மந்திரி அவர். இந்தக் கரை பாண்டியனுக்கு மணமேல்குடியில் ஒரு மந்திரியைக் கொடுத்து, திருப்பெருந்துறையில் ஒரு மந்திரியை எடுத்துக்கொண்டது. கணக்கு நேர். மாற்றலாகி வந்தவர் என்கிறீர்கள், நீங்களும் ஜாக்கிரதையாக இருங்கள்.

கே: இங்கே கடலில் அலையே இல்லையே, ஏமாற்றமாக இருக்கிறது. (முதன்முறை வந்த கரூர்வாசி)

ப: அலை இல்லாததற்கு நன்றி சொல்லுங்கள். இலங்கை குறுக்கே படுத்திருப்பதால் பெருங்கடலின் வேகம் இங்கே வருவதில்லை. 2004 சுனாமியில் நாகப்பட்டினம் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் நம் கரை தப்பித்ததற்கு அதுவே காரணம். ஆனால் காற்றுக்கு அந்தத் தடை இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், கடலோரத்தோடு நிற்காமல் கீரமங்கலம், ஆலங்குடி வரை தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. கடலுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த உள்நாட்டு விவசாயி, தான் கடற்கரை மாவட்டத்துக்காரர் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்.

கே: எங்கள் கடலில் பசு மேய்கிறது என்று தாத்தா சொல்கிறார். கதை விடுகிறாரா? (கட்டுமாவடி, ஏழாம் வகுப்பு மாணவர்)

ப: தாத்தா சொன்னால் நம்ப வேண்டும், தம்பி. அதற்கு ஆவுளியா என்று பெயர், கடல்பசு என்றும் சொல்வார்கள். கடலடியில் வளரும் புல்லைத்தான் மேயும், ஒரு நாளைக்கு 30 கிலோவுக்கு மேல். மூச்சு விட மேலே வரும். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு கடல்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவிலேயே முதலாவது. வலையில் சிக்கினால் விட்டுவிடும் மீனவர்களுக்கு வனத்துறை வெகுமதியும் தருகிறது. தாத்தாவிடம் ஒன்று கேட்டுப் பார்: அவர் சின்னப் பையனாக இருந்தபோது அதைப் பிடித்துச் சாப்பிட்டார்களா என்று. பதில் சொல்வதற்குள் பேச்சை மாற்றுவார்.

கே: கடற்கரைக்காரர்கள் எல்லாருமே வானிலை நிபுணர்களாமே? (கீரனூர் வாசகர்)

ப: ஆமாம், சம்பளம் வாங்காத நிபுணர்கள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றைத் திசை வாரியாகப் பிரித்து, எந்தக் காற்றுக்கு எந்த மீன் வரும் என்று சொல்வார்கள். கணிப்பு தவறினால் வானிலை நிலையத்து அதிகாரி விளக்கம் கொடுப்பார். இவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

கே: கோட்டைப்பட்டினம் தர்காவுக்கு எல்லா மதத்தாரும் போகிறார்களே, எப்படி? (ரெகுநாதபுரம் வாசகி)

ப: ராவுத்தர் அப்பா தர்காவுக்கு வேண்டுதலோடு போகிறவரிடம் வாசலில் யாரும் மதம் கேட்பதில்லை. அதுதான் எப்படி என்பதற்குப் பதில். கடலுக்குப் போகிற வீட்டிலும் சரி, கடல் கடந்து போன பிள்ளை இருக்கிற வீட்டிலும் சரி, பயம் ஒன்றுதான். இந்தக் கரையோரத்தில் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று ஆள் போகாத தெரு அபூர்வம். ஒருவர் படகுக்காகக் காத்திருக்கிறார், இன்னொருவர் விமானத்துக்காக. இருவருக்கும் தெரிந்த முகவரி அந்தத் தர்கா.

கே: ஒரே ஒரு நாள் லீவு கிடைத்திருக்கிறது. குடும்பத்தோடு நம் கடலைப் பார்க்க எப்படித் திட்டமிடலாம்? (அன்னவாசல் வாசகர்)

ப: முதலில் கிழமையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். செவ்வாய், வியாழன், ஞாயிறு ஆகியவற்றில் ஒன்று. விடியும் முன் கிளம்பி அறந்தாங்கி வழியாக ஜெகதாப்பட்டினம் இறங்குதளம் போய்விடுங்கள், ஏலம் உங்களுக்காகக் காத்திருக்காது. பிறகு கோட்டைப்பட்டினம் தர்கா. வெயில் ஏறியதும் ஆவுடையார்கோயில் மண்டப நிழல். நடை சாத்தும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். மாலையில் மீமிசல் பக்கம் முத்துக்குடாவில் அலையாத்திக் காடு. ஏப்ரல் 15-க்குப் பிறகு என்றால் விசைப்படகு ஏலம் இருக்காது, நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும். அதற்குச் சுவை அதிகம், விலையும் அதிகம். மீன் வாங்கும்போது விலையைக் குறைக்கச் சொல்லி ரொம்பவும் வற்புறுத்தாதீர்கள். ஐம்பது ரூபாய் குறைத்துவிட்ட பெருமையோடு வீட்டுக்கு வந்து, ஐஸில் மூன்று நாள் இருந்த மீனைப் பொரித்தவர்கள் என் வாசகர்களிலேயே பலர் இருக்கிறார்கள்.